சந்தனம் தின்ற நம்பர்

லேப்டாப்புக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை.

நாமகிரிப்பேட்டை ஜெராக்ஸ் கடைக்காரர் புது ஓ.எஸ். போட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். எழுத்தெல்லாம் கடை போர்டு மாதிரி பெரிசாக நின்றது. சத்தம் இல்லை. வைஃபை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"டிரைவர் இல்லீங்க்கா," என்றார். "உள்ள இருக்கற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சின்னப் புரோகிராம் வேணும். அது இருந்தாத்தான் சாமான் பேசும். மாடல் நம்பர் சொல்லுங்க, இறக்கிப் போட்டுடலாம்."

"நம்பர் எங்க இருக்கும்?"

"அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க."

திருப்பினார். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, இதுக்கு என்ன, சீர் செஞ்சீங்களா?"

ஸ்டிக்கர் மேல் சந்தனம் காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு வைத்தது. அன்றைக்கு எங்கள் எடை மேடையில் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. லாரி ஏறுகிற இரும்புத் தகட்டுக்கு, எடை காட்டுகிற பெட்டிக்கு, பிரிண்டருக்கு, மேஜைக்கு, விளக்குமாற்றுக்கு. முதல் வருஷம் லேப்டாப்புக்கு மூடி மேல் வைத்தேன். மூடி பாழாய்ப் போச்சு என்று முதலாளி வீட்டில் சத்தம் போட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அடியில் வைத்தேன். அங்கே வெள்ளையாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சந்தனம் அதில்தான் நன்றாகப் பிடித்தது. வருஷா வருஷம் பழசை நகத்தால் சுரண்டிவிட்டுப் புதுசு வைப்பேன். சந்தனத்தோடு நம்பரும் சேர்ந்து வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வைத்திருப்பேன். சோறு போடுகிற மெசினைப் பொட்டு இல்லாமல் விட முடியாது.

கடைக்காரர் ஈரத் துணியால் துடைத்தார். சந்தனம் போனது. கீழே வெறும் வெள்ளை.

"உள்ளயே பேரு எழுதியிருக்கும்," என்று எதையோ தட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. எப்போதோ சேலத்தில் உள்ளே இருக்கிற மதர்போர்டை மாற்றியிருக்கிறார்கள். மாற்றினவன் மாடல் பேரை எழுதவில்லை.

"நீங்க எல்லாத்தையும் அழிக்கச் சொல்லாம இருந்திருந்தா பழைய டிரைவர் உள்ளயே ஒரு மூலையில இருந்திருக்குமுங்க."

கேட்டுத்தான் அழித்தார். அழிக்கட்டுங்களா என்றார், முழுசா அழியுங்க என்றேன். ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியில் கிழங்குப் பால் தெளிகிற தொட்டியை அப்படித்தான் கழுவுவோம். பழைய பால் ஒரு கை தங்கினாலும் புதுப் பால் புளித்துவிடும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் அந்த லேப்டாப் ஓட வேண்டும். ஓடாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

நான் உட்காருகிற எடை மேடை ஆத்தூர் போகிற ரோட்டோரம் இருக்கிறது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றின லாரிகள் ஏறி நிற்கும். எடை ஒயர் வழியாக லேப்டாப்புக்குள் வரும். லாரி நம்பர் அடித்து, சீட்டு எடுத்துக் கொடுப்பேன். அந்தச் சீட்டு இல்லாமல் சேகோ பேக்டரியில் கிழங்கை இறக்க மாட்டார்கள். கையால் எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

இதற்கு முன்னால் நான் பேக்டரியில் கிழங்குக்குத் தோல் சீவினேன். ஒரு நாள் கத்தி இடது கையில் இறங்கியது. ரெண்டு விரல் இப்போது மடங்காது. மடங்காத விரலோடு கிழங்கைப் பிடிக்க முடியாது. முதலாளிக்கு எடை மேடையும் இருந்தது. அங்கே உட்காரச் சொன்னார். எட்டாவதுதான் படித்தேனுங்க என்றேன். லாரி நம்பர் படிப்பியல்ல, போதும் என்றார். உட்கார்ந்தேன். கற்றுக்கொண்டேன்.

முதலாளி இப்போது படுக்கையில். எல்லாம் அவர் மருமகன் கையில். நாங்கள் அவரை மாப்ளை என்றுதான் கூப்பிடுவோம். அது அவருக்குப் பிடிக்காது.

முந்தின நாள், வெள்ளிக்கிழமைதான், லேப்டாப் நின்றது. கருப்புத் திரையில் வெள்ளையாக நாலு வரி. ஆன் செய்தால் அந்த நாலு வரி, அணைத்துப் போட்டால் அதே நாலு வரி. மாப்ளைக்குப் போன் செய்தேன். வந்து பார்த்தார்.

"இதக் குப்பையில போடுங்க. திங்கக்கிழமை புதுசு வருது. கூட எங்க பெரியம்மா பையனும் வாரான். கம்ப்யூட்டர் படிச்சவன்."

"அவரு எதுக்குங்க?"

"மெசினைப் பாக்கறவன் சேர்ல உக்காரோணுமல்ல?"

"அப்ப நான் எங்க உக்காருறது?"

"பேக்டரியில சொல்லி வெக்கறேன். உங்க பழைய வேலை இருக்குது."

நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமைக்குள்ள இது ஓடிருச்சுன்னா?" என்றேன்.

"ஓடுச்சுன்னா நீங்களே உக்காருங்க. எங்க ஓடுது." சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

அவர் சும்மா சொன்னார். நான் சும்மா கேட்கவில்லை.

சனிக்கிழமை நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெராக்ஸ் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏதோ பரீட்சைக்கு மனுப்போட அன்றைக்குக் கடைசி நாள். கடைக்காரர் எல்லா லேப்டாப்புக்கும் பொதுவானது என்று ஒன்றைப் போட்டுப் பார்த்தார். எதுவும் மாறவில்லை.

"சேலம் கொண்டு போங்க்கா."

"சேலத்துல எப்பக் குடுப்பாங்க?"

"புதன், வியாழன் ஆயிரும்."

"வேற வழியே இல்லீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "இருக்குது. மாடல் தெரியாட்டியும் ஒவ்வொரு சாமானுக்கும் தனியா ஒரு நம்பர் உண்டு. அத வெச்சு ஒண்ணொண்ணாத் தேடலாம். நாள் பூராப் புடிக்கும். எனக்கு நேரம் இல்லீங்க்கா, பாருங்க கூட்டத்த."

"எனக்கு நேரம் இருக்குது. எடத்தக் காட்டுங்க."

காட்டினார். டிவைஸ் மேனேஜர் என்று ஒன்று. திறந்தால் உள்ளே இருக்கிற சாமான் எல்லாம் வரிசையாக நிற்கிறது. அடையாளம் தெரியாத ஒவ்வொன்றின் மேலும் மஞ்சளாக ஒரு முக்கோணம். அதை வலது பக்கம் அழுத்தி உள்ளே போனால் ஒரு நம்பர். நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து. ஒரு தடவைதான் காட்டினார். போதும் என்றேன். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மினி பஸ் ஏறினேன்.

மேடைக்கு வந்து ஒயரைச் செருகினேன். இன்னொரு மஞ்சள் முக்கோணம் முளைத்தது. எடை ஒயரையும் அதற்குத் தெரியவில்லை. எடை சாப்ட்வேர் சி.டி. சுவரில் ஆணியில் தொங்கியது. அதைப் போட்டதும் ஏறிவிட்டது. திறந்தால் எடை வருகிற கட்டத்தில் சைபர்.

வந்த லாரிகளை ராசிபுரம் ரோட்டு மேடைக்குக் கை காட்டி அனுப்பினேன். ஒரு லாரி மட்டும் போகவில்லை. பிரேக் பழுதாகி மேடைக்குப் பக்கத்திலேயே நின்றது. சாமான் சேலத்திலிருந்து வர வேண்டும். டிரைவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். வயதானவர். லாரி நிழலில் பாய் போட்டுப் படுத்திருந்தவர் எழுந்து வந்து ஜன்னலில் கை வைத்து நின்றார்.

"என்ன அம்மணி, அந்தப் பொட்டிய அப்படி மொறச்சுட்டு உக்காந்திருக்கற?"

"டிரைவர் இல்லைங்குதுண்ணா."

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உங்களுக்கு இதுக்குள்ள எடம் பத்தாது. தொப்பை வெளிய நிக்கும்."

"சரி சரி. டீ சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

முதலில் வைஃபை. அது வந்தால் மற்றதை லேப்டாப்பிலேயே தேடலாம். அது வருகிற வரைக்கும் என் போன்தான். நம்பரைத் திரையில் பார்த்துப் பார்த்துப் போனில் அடித்தேன். தப்பாமல் அடிப்பேன். சேறு அப்பின பிளேட்டையும் லாரி ஏறும்போதே படிப்பதுதான் என் வேலை. இதில் சேறு இல்லை.

தேடினால் கடை கடையாக வந்தது. எல்லாவற்றிலும் பச்சையாகப் பெரிய பட்டன். இறக்கு, இறக்கு என்றது. முதல் பட்டனை அழுத்தினேன். ஏதோ இறங்கியது. போனில் பன்னிரண்டு வைரஸ் இருக்கிறது என்று பயமுறுத்தியது. அடுத்த பட்டன் பரிசு விழுந்திருக்கிறது என்றது. இறங்கினதை அழித்தேன்.

பேக்டரி கேட்டுக்கு வெளியே புரோக்கர்கள் நிற்பார்கள். கிழங்கு லாரி வந்ததும் ஓடி வந்து கதவைப் பிடிப்பார்கள். நல்ல விலை, வாங்க வாங்க என்பார்கள். பேக்டரிக்காரன் ஒரு நாளும் ஓடி வந்து கதவைப் பிடித்ததில்லை. அவன் உள்ளே இருப்பான். போய்த்தான் கேட்க வேண்டும்.

அதற்கப்புறம் கூப்பிடுகிற பட்டன் எதையும் நான் தொடவில்லை. பக்கத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், நீல நிறத்தில் ஒரு வரி இருக்கும். அதுதான் உண்மையானது. அதைத் தொட்டேன். இறங்கியது.

அடுத்தது, போனிலிருந்து லேப்டாப்புக்குக் கொண்டு போக வேண்டும். சார்ஜர் ஒயரால் ரெண்டையும் சேர்த்தேன். போன் சார்ஜ் ஏறியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. கழற்றிச் செருகினேன். மறுபடி சார்ஜ்தான் ஏறியது.

"ஒயரு மட்டமானது அம்மணி," என்றார் டிரைவர். "சந்தையில வாங்குனதா?"

"ஆமாண்ணா."

"அதுல கரண்டு மட்டும் போகும். படம் பாட்டெல்லாம் போகாது. எம்பட பேத்தி சொல்லிச்சு. என்ற ஒயர எடுத்துக்க."

அவர் லாரியில் ஏறி, கேபினில் தொங்கிய ஒயரைக் கழற்றிக்கொண்டு வந்தார். செருகினேன். போன் லேப்டாப்பில் தெரிந்தது. வைஃபை டிரைவரைப் போட்டேன். சிவப்புப் பெருக்கல் குறி போனது.

அவருடைய டீ டம்ளரை நானே கழுவி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் நெட் வழியாகச் சிலது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பிரிண்டர் கிறீச் என்று ஒரு தடவை கத்தியது. சத்தத்துக்கு டிரைவர் கிடைக்கவில்லை. திரைக்கும் கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன். எடை ஒயர் வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

அதன் நம்பரைத் தேடினேன். இருப்பதிலேயே புதிய டிரைவர் கிடைத்தது. போட்டேன். மஞ்சள் முக்கோணம் போகவில்லை. கழற்றி மறுபடி போட்டேன். போகவில்லை. இந்தச் சாமான் ஓடாது என்று இங்கிலீஷில் ஒரு வரி மட்டும் வந்தது.

எடை மேடை மாட்டிக் கொடுத்த கம்பெனி மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். ஓசூரில் இருப்பதாகச் சொன்னார்.

"அந்த ஒயரு செத்துருச்சுங்க்கா. மாத்தோணும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓடுச்சுங்க."

"வெள்ளிக்கிழமை ஓடும், சனிக்கிழமை சாகும். செவ்வாய்க்கிழமை வாரேன்."

"செவ்வாய்க்கிழமை வந்தா நான் இருக்க மாட்டனுங்க."

"ஏனுங்க, ஊருக்குப் போறீங்களா?"

"எங்கயும் போகலீங்க," என்று வைத்துவிட்டேன்.

அந்த ஒயரை மாற்றுவதும் சுலபம் இல்லை. மறுமுனையை எடை காட்டுகிற பெட்டிக்குள் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நான் பெட்டியைத் திறக்கக் கூடாது. அதற்கு அரசாங்க சீல் உண்டு.

ஒயரைக் கையில் பிடித்துப் பார்த்தேன். எங்கேயும் நசுங்கவில்லை. எலி கடிக்கவில்லை. நான் மூணு நாளைக்கு ஒரு தடவை துடைக்கிற ஒயர். அது சாகவில்லை. எனக்குத் தெரியும்.

டிரைவரை இறக்கின பக்கத்துக்கே திரும்பப் போனேன். அடியில் ஆட்கள் எழுதியிருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். போனில் தமிழாக்கிப் படித்தேன். பாதி திட்டு. எவனோ ஒருவன், எந்த ஊர்க்காரனோ, என் ஒயருக்கு வந்த அதே சிக்கலை எழுதியிருந்தான். ஒயர் நல்லாத்தான் இருக்கிறது, பழைய ஒயர்களைப் புது டிரைவர் வேண்டுமென்றே சேர்ப்பதில்லை, இருப்பதிலேயே பழசைப் போடு என்று எழுதியிருந்தான்.

புதுசு வந்து உட்கார்ந்துகொண்டு பழசைத் தெரியாது என்கிறது. இதை நான் வெள்ளிக்கிழமையே ஒரு தடவை பார்த்தாயிற்று.

பழசைத் தேடினேன். எங்கே போனாலும் புதுசையே நீட்டினார்கள். மத்தியானம் சாப்பிடவில்லை. டிரைவர் பொட்டலத்தைப் பிரித்து ஜன்னல் வழியாக நீட்டினார். வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போனார். கடைசியில் அந்த ஆளே இன்னும் கீழே ஒரு இடம் சொல்லியிருந்தான். அங்கே இருந்தது. ரொம்பச் சின்னது. அது இறங்கி முடிந்தபோது நான் பொட்டலத்தில் பாதியைத் தின்றிருந்தேன்.

போட்டேன். முக்கோணம் அப்படியே இருந்தது. பழசைப் போட்டாலும் லேப்டாப் தானாகப் புதுசைத்தான் எடுக்கிறது. உள்ளே போய், நானே தேர்ந்தெடுக்கிறேன் என்கிற வரியை அழுத்தினேன். புதுசும் பழசும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. புதுசுதான் நல்லது என்று அது சொல்லியது. பழசை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம்.

மஞ்சள் முக்கோணம் போனது.

எடை சாப்ட்வேரைத் திறந்தேன். கட்டத்தில் சைபர். ஆனால் மேடையில் ஒன்றும் இல்லையே. சைபர்தான் வரும். அது உயிருள்ள சைபரா, செத்த சைபரா?

"அண்ணா! மேடை மேல ஏறி நில்லுங்க."

"எதுக்கு?"

"ஏறுங்கன்னா."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தகட்டின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெட்டியில் சிவப்பு எண் மாறியது. நான் திரையைப் பார்த்தேன். அதுவும் மாறியது.

"தொண்ணூறு," என்றேன்.

"பொய் சொல்லாத! ஆஸ்பத்திரியில எண்பத்தி ஆறுன்னாங்க."

"டீ குடிச்சது நீங்கதான?"

"அந்த டீ நாலு கிலோவா? உன்ற மெசினு சரியில்ல."

"என்ற மெசினு சரியாத்தாண்ணா இருக்குது. அது பத்துப் பத்தாத்தான் காட்டும். எறங்குங்க."

இறங்கினார். சைபர். ஏறச் சொன்னேன். தொண்ணூறு. மறுபடியும் இறங்கி ஏறச் சொன்னேன். "வெளையாட்டா இருக்குதா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே ஏறினார். அவர் பேருக்கு ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தேன். சரக்கு என்கிற இடத்தில் குச்சிக்கிழங்கு என்று இருந்தது. பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அவரே தெரிந்த டிரைவர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். மேடை ஓடுது, ராசிபுரம் ரோட்டுக்குப் போகாதீங்க என்று.

திங்கட்கிழமை காலையில் மாப்ளை வந்தபோது ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. கையில் புது லேப்டாப் பெட்டி. கூடவே அவர் பெரியம்மா மகன், தேய்த்த சட்டை போட்டு, தோளில் பை மாட்டி. நான் ஒரு சீட்டைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஓடுதா?" என்றார் மாப்ளை.

"ஓடுதுங்க."

குனிந்து பார்த்தார். "என்ன, எழுத்து இத்தனை பெரிசா இருக்குது?"

"அது அப்படித்தானுங்க. எனக்கு நல்லாத் தெரியுது."

"சத்தமும் வரலையா?"

"எடைக்கு எதுக்குங்க சத்தம்?"

"என்னைக்கு வேணா நிக்குமுங்க்கா இது."

"நின்னா நான் பாத்துக்கறேன்."

பெரியம்மா மகன் நிலைப்படியில் நின்றான். ரூமில் ஒரு சேர்தான். அதில் நான் இருந்தேன்.

"இவனை வரச்சொல்லிட்டனே," என்றார் மாப்ளை.

"ஓடுச்சுன்னா நீங்களே உக்காருங்கன்னு சொன்னீங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க்கா."

"நான் பேச்சுக்குக் கேக்கலீங்க."

அவர் முகம் சிவந்தது. "அந்தப் புதுசப் பிரிச்சு வெய்டா," என்றார்.

"எங்க வெக்கறதுண்ணா? டேபிள்ல எடமில்லையே," என்றான் அவன்.

நான் லேப்டாப்பை நகர்த்தவில்லை. சேரையும் நகர்த்தவில்லை.

வெளியே ஆரன் அடித்தார்கள். அடுத்த லாரி மேடையில் ஏறி நின்றது.

"லாரி நிக்குதுங்க," என்றேன். "இத அனுப்பிட்டுப் பேசலாம்."

அவர் நின்றார். அனுப்பினேன். பின்னால் இன்னொன்று ஏறியது. இதையும் அனுப்பிட்டு வாரேனுங்க என்றேன். அதற்குப் பின்னால் ஒன்று. அவர் போன் அடித்தது, பேசிக்கொண்டே வெளியே போனார், கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. பெரியம்மா மகன் கொஞ்ச நேரம் பையோடு நின்றான். பிறகு ராசிபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டான். எதிரிலேயே கை காட்டுங்க, நிக்கும் என்றேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

கிழங்கு சீசன் இன்னும் முடியவில்லை. புதுப் பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. மாப்ளை வாரத்தில் ஒரு தடவை வருவார். நிலைப்படியில் நின்று, "அந்த விசயம் பேசோணுமுங்க்கா," என்பார்.

"பேசலாங்க. இந்த லாரிய அனுப்பிடறேன்," என்பேன்.

நான் எந்த லாரியையும் அவசரப்பட்டு அனுப்புவதில்லை.